மரியான் நார்த்தின் தூரிகையும் நம் வளாகத்து மரங்களும்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சிவில் படிச்சவன் ஓவியத்தைப் பத்திப் பேசப் போறானா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. பத்து நிமிடம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்!

முதலாண்டு டிராயிங் வகுப்பு யாருக்கும் மறந்திருக்காது. மினி டிராப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்கினோமே, அதேதான். பிளான், எலிவேஷன், செக்‌ஷன் என்று ஒரு பொருளை மூன்று பக்கமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். தாவர ஓவியர்களின் வேலையும் ஏறக்குறைய இதுதான். வெள்ளைத் தாளில் ஒரு கிளை, பக்கத்தில் பிளந்த பூ, கீழே குறுக்கே வெட்டிய காய், அளவுக்கோடு. அலங்காரத்துக்காக வரைவதல்ல அது. இன்ன செடி என்று சந்தேகமில்லாமல் சொல்ல உதவும் ஆவணம். ஆனால் அந்தச் செடி எங்கே நின்றது, பக்கத்தில் என்ன இருந்தது, மண் எப்படி, வெளிச்சம் எப்படி என்று அந்தத் தாள் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் இயற்கைக் காட்சி ஓவியர். அவரோ மரத்தைப் பச்சைத் திட்டாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தவர் மரியான் நார்த் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1830-ல் பிறந்தவர். தந்தை நாடாளுமன்ற உறுப்பினர், 1869-ல் காலமானார். அதன் பிறகு, 1871-ல், பயணம் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது. இங்கே நாற்பதை நெருங்கிக்கொண்டு "இனிமே என்னப்பா" என்று அலுத்துக்கொள்ளும் என் வகுப்புத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்! அமெரிக்கா, ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், போர்னியோ, ஜாவா, இலங்கை என்று சுற்றினார். 1880-ல் சார்லஸ் டார்வின், ஆஸ்திரேலியத் தாவரங்களைப் பார்க்காமல் உலகத் தாவரங்களை வரைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்றாராம். உடனே அங்கேயும் கிளம்பிவிட்டார்.

மற்ற தாவர ஓவியர்கள் பெரும்பாலும் நீர்வண்ணத்தில் வரைந்த காலத்தில் இவர் காகிதத்தில் எண்ணெய் வண்ணம் தீட்டினார். முன்னால் ஒரு பூங்கொத்து, இலை நரம்பு தெரியும்படி. பின்னால் அது வளரும் மலை, ஆறு, குடிசை. பூவைப் பிளந்து உள்ளுறுப்பு காட்டவில்லை என்பது குறைதான். ஆனால் செடியும் அதன் ஊரும் சேர்ந்தே கிடைக்கின்றன. நம் பாஷையில் சொன்னால், டீட்டெயில் டிராயிங்கும் சைட் பிளானும் ஒரே ஷீட்டில்!

நம் பக்கமும் வந்திருக்கிறார். 1877 முதல் 1879 வரை இந்தியாவில் சுற்றி இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் தீட்டினார். தஞ்சைப் பெரிய கோயிலும் அவற்றில் உண்டு. அப்போது தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல், சரசுவதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். நம் மக்கள் புனிதமாகக் கருதும் செடிகொடிகளைப் பற்றி இவருக்குத் தகவல் தந்து உதவியவர் அவரே.

லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தில் தன் சொந்தச் செலவில் ஓர் அரங்கு கட்டிக் கொடுத்தார். 1882-ல் திறந்தார்கள். 800-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இடைவெளியே இல்லாமல், நாடு வாரியாக, சுவர் முழுக்க மாட்டப்பட்டிருக்கின்றன. கீழே 246 வகை மரப்பலகைகள். வருபவர்களுக்குத் தேநீரும் காபியும் கொடுக்க ஆசைப்பட்டார். தோட்டத்து நிர்வாகம் ஒப்பவில்லை. சரி போகட்டும் என்று தேயிலைச் செடியையும் காபிச் செடியையும் கதவுகளுக்கு மேல் வரைந்து வைத்துவிட்டார்!

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். இரண்டு உதாரணம் சொல்கிறேன். 1876-ல் போர்னியோவின் சரவாக்கில் ஒரு பெரிய குடுவைத் தாவரத்தை வரைந்தார். அந்தப் படத்தைப் பார்த்த வீட்ச் நாற்றுப்பண்ணைக்காரர்கள் ஆள் அனுப்பிச் செடியைத் தேடிப் பிடித்தார்கள். அறிவியலுக்கு அது புதிய இனம். 1881-ல் ஜோசப் ஹூக்கர் அதற்கு 'நெப்பந்தெஸ் நார்த்தியானா' என்று பெயர் வைத்தார். அடுத்தது இன்னும் வியப்பு. அதே சரவாக் காட்டில் அவர் வரைந்த வேறொரு படத்தில் நீலக் காய்களோடு ஒரு செடி. என்ன செடி என்று நெடுங்காலம் யாருக்கும் விளங்கவில்லை. கியூவில் பாடம் செய்து வைத்திருந்த உலர்செடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2021-ல்தான் அது புதிய இனம் என்று கண்டார்கள். 'சசாலியா நார்த்தியானா' என்று பெயரிட்டார்கள். ஒருவர் உட்கார்ந்து நேர்மையாக வரைந்து வைத்தது, 145 ஆண்டு கழித்துச் சாட்சி சொல்லியிருக்கிறது!

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் புதிய கட்டடம் வரப்போகிறது. மகிழ்ச்சிதான். சர்வே டிராயிங்கை நானும் பார்த்தேன். அதில் பதினோரு சிறு வட்டங்கள். பக்கத்தில் 'மரம்' என்று ஒரு சொல். அவ்வளவுதான். எது வேம்பு, எது சரக்கொன்றை, எது நாம் கேம்பஸ் இன்டர்வியூ முடிவுக்காக அடியில் காத்துக் கிடந்த தூங்குமூஞ்சி மரம் என்று அந்த வட்டம் சொல்லாது. வட்டத்தை அழிக்க ரப்பர் போதும். பெயரும் உருவமும் உள்ள மரத்தை அழிக்க யாருக்கும் கை கொஞ்சமாவது தயங்கும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, கோடை விடுமுறைக்குள் அந்தப் பதினோரு மரங்களையும் இலை, பூ, காய், பட்டை, நிற்கும் இடம் சகிதம் மாணவர்களைக் கொண்டு வரைந்து நூலகத்தில் வைக்க வேண்டும். போட்டோவும் எடுக்கலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கிளையை வரைய ஒரு மணி நேரம் அதையே பார்த்தாக வேண்டும். அந்தப் பார்வைதான் முக்கியம். இரண்டு, அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். கட்டடத்தை மேற்கே சில மீட்டர் நகர்த்தினால் எத்தனை மரம் தப்பும் என்று கணக்குப் போட்டுத் தர நம் கட்டட வடிவமைப்பு நண்பர்கள் தயார். கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடு மட்டும் போடச் சொல்கிறார்கள்!

பென்சிலும் டிராயிங் ஷீட்டும் என் செலவு. வரைய வருபவர்கள் பெயர் கொடுங்கள்.