ஸ்டீல் கிட்டாரும் கல்கத்தாவும்



இவ்வுரையின் பொருள் ஸ்டீல் கிட்டார் என்னும் கருவியும், அதைக் கல்கத்தாவின் சொந்தக் கருவியாகவே ஆக்கிவிட்டுப் பின்னர் பெயர் மங்கிப்போன கலைஞர்களும் ஆகும். கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடக்கையில் பிடித்த எஃகுத் துண்டைத் தந்திகளின்மீது வழுக்கிச் செலுத்தி, வலக்கை விரல்களால் மீட்டும் முறைக்கே ஸ்டீல் கிட்டார் என்று பெயர். தந்தியை விரலால் மெட்டின்மேல் அழுத்தி வாசிக்கும் ஸ்பானிஷ் கிட்டாரில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் படியேறுவதுபோல் தாவ நேர்கிறது. எஃகுத் துண்டோ தந்தியை அழுத்தாமல் தொட்டுக்கொண்டே நகர்வதால், இரண்டு ஸ்வரங்களுக்கும் இடைப்பட்ட எல்லாச் சுருதிகளும் அறுபடாமல் ஒலிக்கின்றன. வங்கத்து வீடுகளில் இன்றும் இதை ஹவாயியன் கிட்டார் என்றே சொல்வார்கள்.

அப்பெயருக்குக் காரணமானவர் ஹவாயியின் ஓவாஹு தீவில் லாயியே என்னும் சிற்றூரில் 1874-இல் பிறந்த ஜோசப் கெக்குக்கு. பள்ளிப் பருவத்திலேயே தந்தியின்மீது இரும்பை வழுக்கி வாசிக்கும் முறையை வகுத்துக்கொண்ட அவர், 1904-இல் தீவை விட்டு வெளியேறி, அமெரிக்க மேடைகளில் அதைப் பரப்பினார். அவருக்கும் முன்னரே, இந்தியாவில் பிறந்து கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு ஹோனலூலு வந்துசேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் இம்முறையில் வாசித்ததைக் கண்டதாக ஹவாயி இசையமைப்பாளர் சார்லஸ் கிங் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இதை வைத்துக்கொண்டு ஸ்டீல் கிட்டாரின் பிறப்பிடம் இந்தியாவே என்று முழங்குவது மேடைக்குச் சுவையாக இருக்கலாம். ஒருவரது நினைவை மட்டும் நம்பி அவ்வளவு பெரிய உரிமையைக் கொண்டாடுவது ஆராய்ச்சிக்கு அழகன்று.

அமெரிக்காவில் இக்கருவி நாட்டுப்புற இசைக்காரர்களின் கைக்குப் போனபோது வேறொரு தேவை எழுந்தது. ஒரே எஃகுத் துண்டு எல்லாத் தந்திகளையும் ஒரே கோட்டில் தொடுவதால், பல ஸ்வரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்யும் ஸ்வரக்கூட்டுகளுள் சிலவே அதில் கைக்கு எட்டின. இக்குறையைப் போக்கத் தந்திகளின் சுருதியை வாசிக்கும்போதே ஏற்றி இறக்கும் மிதிகளும், முழங்காலால் தள்ளும் நெம்புகளும் பொருத்தப்பட்டு, கால்கள் கொண்ட மேசை வடிவில் பெடல் ஸ்டீல் கிட்டார் உருவாயிற்று. 1954-இல் வெப் பியர்ஸ் பாடிய பாடலொன்றில், பட் ஐசக்ஸ் ஒலித்துக்கொண்டிருந்த தந்திகளையே மிதியால் வளைத்துக் காட்டியபோது நாஷ்வில் நகரத்து வாத்தியக்காரர்கள் பலரும் தத்தம் கருவிகளை மாற்றிக்கொள்ளத் தலைப்பட்டார்கள். பின்னர் பட்டி எம்மன்ஸ் மிதிகளின் அமைப்பையும் தந்திகளின் சுருதியமைப்பையும் செம்மைப்படுத்தி, இன்றைய வழக்கத்துக்கு அடித்தளம் இட்டார். மிதியே வேண்டாம் என்று மறுத்து, கையின் சாய்விலேயே எல்லாவற்றையும் சாதிக்க முயன்ற ஜெரி பேர்ட், 1970-களில் ஹவாயிக்கே குடிபெயர்ந்து அங்குள்ள இளைஞர்களுக்குப் பழைய முறையைக் கற்றுக்கொடுத்தார் என்பது இக்கருவியின் வரலாற்றில் ஓர் இனிய திருப்பம்.

இந்தியாவில் பெடல் ஸ்டீல் வேரூன்றவில்லை. விலையும் இறக்குமதித் தடைகளும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் தலையாய காரணம் இசையிலேயே அடங்கியிருக்கிறது. மிதிகள் ஸ்வரக்கூட்டுகளை மாற்றுவதற்கென்று பிறந்தவை. ஆதார சட்ஜம் அசையாமல் நிற்க, அதன்மீது ஒற்றை இழையாகச் செல்லும் நம் நாட்டு இசைக்கோ கூட்டு மாற வேண்டிய தேவையே இல்லை; ஒரு ஸ்வரம் மற்றொன்றில் எப்படிக் கரைகிறது என்பதே இங்கு உயிர். கர்நாடக இசையில் ஜாரு என்றும் இந்துஸ்தானி இசையில் மீண்ட் என்றும் வழங்கும் அந்த வழுக்கலுக்கு எஃகுத் துண்டும் தேர்ந்த ஒரு மணிக்கட்டும் போதும். நாஷ்வில் கலைஞன் காலாலும் முழங்காலாலும் தேடியதைக் கல்கத்தாக் கலைஞன் தேட வேண்டியிருக்கவில்லை.

கல்கத்தாவுக்கு இக்கருவியை நிலையாகக் கொண்டுவந்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் டவ் மோ. சமோவாவில் 1908-இல் பிறந்து, கெக்குக்குவின் ஊரான அதே லாயியேயில் வளர்ந்த அவர், 1920-களின் இறுதியில் மேடம் ரிவியேர் என்பவரின் குழுவோடு ஆசியப் பயணம் புறப்பட்டு, மனைவி ரோஸுடன் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நாடு நாடாக வாசித்துத் திரிந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் குடும்பம் கல்கத்தாவில் தங்கிவிட, சௌரங்கியிலுள்ள கிராண்ட் ஹோட்டலில் அவருடைய வாசிப்பு ஒலித்தது. ஆனால் அவரது பெருங்கொடை ஹோட்டல் மேடையில் நடந்ததன்று. உள்ளூர் மாணவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்ததே ஆகும். அவரிடம் பயின்ற கார்னி நிஸ், அலோஹா பாய்ஸ் என்னும் குழுவை அமைத்து, வானொலியிலும் நடன அரங்குகளிலும் ஹவாயி இசையை இந்நகரத்துக்குப் பழக்கினார். பசிபிக் தீவொன்றின் கருவி ஹூக்ளிக் கரையில் அந்நியமாகத் தோன்றாமல் போனதற்கு நிஸ் போன்றவர்களின் இடைவிடாத உழைப்பே காரணம்.

இருப்பினும், ஹவாயி மெட்டுகளோடு நின்றிருந்தால் அது ஹோட்டல் கேளிக்கையாகவே முடிந்திருக்கும். அதை வங்கத்துப் பாட்டுக்குள் கொண்டுவந்த முன்னோடி சுஜித் நாத். பல மாணவர்களை உருவாக்கிய ஆசான் என்ற நிலையிலும் அவர் பெயர் வங்கத்துக்கு வெளியே அதிகம் தெரியாதது வருத்தத்துக்குரியது. அவரை அடுத்து வந்தவர்களுள் பட்டுக் நந்தி ரவீந்திர சங்கீதத்தையே தம் களமாகக் கொண்டார். காஜி நஸ்ருல் இஸ்லாமின் இளைய மகனான காஜி அனிருத்தா, தந்தையின் பாடல்களைக் கிட்டாரில் வாசித்ததோடு நில்லாமல், அவற்றுக்கு ஸ்வரக்குறிப்பு எழுதிக் காக்கும் பணியிலும் ஈடுபட்டு, தந்தைக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1974-இல், நடுவயதிலேயே மறைந்தார். மின்கிட்டாரில் திரைப்பாடல்களையும் கஜல்களையும் வாசித்த சுனில் கங்குலியின் இசைத்தட்டுகள் நாடெங்கும் விற்றன; வானொலியில் இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே மிஞ்சிய நிமிடங்களை இத்தகைய கிட்டார் இசைதான் நிரப்பியது என்பதால், பெயரறியாமலே அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் தமிழ்நாட்டிலும் பலர்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவிற் கொள்வது தகும். 1940-ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. தாகூரும் அக்கருவியை வெறுத்தவர். கட்டைக்குக் கட்டை சுருதி நிலைத்துவிட்ட அக்கருவியால் நம் இசையின் நெளிவுகளைக் காட்ட இயலாது என்பதே அன்று சொல்லப்பட்ட குறை. தாகூரின் பாடல்களை வாசிக்கப் பின்னாளில் வங்கத்து நடுத்தர வீடுகள் விரும்பி எடுத்துக்கொண்ட அயல்நாட்டுக் கருவி, அக்குறை சிறிதும் இல்லாத ஹவாயியன் கிட்டாராக அமைந்தது பொருத்தமே. லால்பஜாரை ஒட்டிய ரவீந்திர சரணியின் வாத்தியக் கடைகளுக்கு அக்காலத்தில் இதனால் நல்ல வியாபாரம்.

இக்கலைஞர்களைப் பாட்டு மெட்டை அப்படியே திருப்பி வாசித்தவர்கள் என்று தள்ளிவிடும் ஒரு போக்கு இசை வரலாற்றாசிரியர்களிடையே உண்டு. ராகத்தை விரித்தவனே கலைஞன், பாட்டை வாசித்தவன் பொழுதுபோக்காளன் என்னும் இப்பிரிவினை தவறானது. நாதஸ்வரத்தில் ஒரு கீர்த்தனையைக் கேட்கும் தஞ்சைக் கிராமத்து ரசிகர், சாகித்யத்தின் சொற்கள் குழலில் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றனவா என்றே முதலில் பார்ப்பார். எந்த எழுத்தில் தந்தியைத் தட்டி மீட்டுவது, எந்த எழுத்தை மீட்டாமல் வழுக்கலிலேயே விடுவது, மூச்சு எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் தீர்மானித்தால்தான் சொல்லில்லாத கருவியில் சொல் கேட்கும். பட்டுக் நந்தியும் அனிருத்தாவும் செய்தது இந்த வேலையே. அதைச் சிறிய வேலை என்பவர் பாட்டின் அருமையை அறியாதவர்.

ராகத்தை விரித்தவர்களுக்கு வரலாறு நியாயம் செய்திருக்கிறது. ஜோத்பூரில் 1937-இல் பிறந்து, உஸ்தாத் அலி அக்பர் கானிடம் பயின்ற பிரிஜ் பூஷண் காப்ரா, மேடையில் முழுமையான ஆலாபனைக்குக் கிட்டாரைத் தகுதியாக்கினார். சிவகுமார் சர்மாவுடனும் ஹரிபிரசாத் சௌராசியாவுடனும் அவர் வாசித்து 1960-களில் வெளிவந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இன்றும் விற்கிறது. விஸ்வ மோகன் பட், தாமே அமைத்த மோகன வீணையில் ரை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்கு 1994-இல் கிராமி விருது கிடைத்தது. கல்கத்தாவில் 1963-இல் பிறந்து காப்ராவிடம் பயின்ற தேபாஷிஷ் பட்டாச்சார்யா, சதுரங்கி, கந்தர்வி, ஆனந்தி என மூன்று கருவிகளை உருவாக்கினார். அவற்றுள் சதுரங்கியில் இருபத்து நான்கு தந்திகள். மீட்டும் தந்திகளோடு, தாளத்துக்கும் சுருதிக்கும் உரியவையும், மீட்டாமலே உடன் அதிரும் அனுநாதத் தந்திகளும் அதில் அடக்கம். அமெரிக்கர் மிதியைச் சேர்த்த இடத்தில் இந்தியர் தந்தியைச் சேர்த்தார்கள் என்று இவ்வேறுபாட்டைச் சுருக்கிச் சொல்லலாம். உலகப் புகழ் பெற்ற பின்னும் தேபாஷிஷ், டவ் மோவுக்குக் காணிக்கையாக ‘ஹவாயி டு கல்கத்தா’ என்னும் தொகுப்பை 2017-இல் வெளியிட்டது அவருடைய நேர்மைக்குச் சான்று. காசியில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த கமலா சங்கர், ஆண்களே நிறைந்திருந்த இத்துறையில் சங்கர் கிட்டார் என்னும் கருவியோடு நிலைபெற்றதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

தமிழர்க்கு இந்த வழுக்கல் முறை புதிதன்று. மெட்டுகள் இல்லாத வீணையின்மீது மரத்தாலோ கொம்பாலோ ஆன உருளையைச் செலுத்தி வாசிக்கும் கோட்டுவாத்தியம், இன்று சித்ரவீணை என்றும் வழங்குவது, ஸ்டீல் கிட்டாரின் தொலைதூர உறவு. திருவிடைமருதூர் சகாராம ராவ் தொடங்கி, பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி, நாராயண ஐயங்கார், மன்னார்குடி சாவித்திரி அம்மாள் வழியாக ரவிகிரண் வரை வந்த அம்மரபைக் கேட்ட காது, தேபாஷிஷின் சதுரங்கியில் தன் வீட்டுக் குரலை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். ரவிகிரணும் விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் தாஜ் மஹாலுடன் சேர்ந்து 1995-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஆயினும் கோட்டுவாத்தியமும் கல்கத்தா மரபும் ஒரே மேடையில் நிதானமாக உரையாடிய நிகழ்ச்சிகள் மிக அரியவை.

ஹவாயியன் கிட்டார் கற்கும் பிள்ளைகள் இந்நகரத்தில் இன்று குறைந்துவிட்டார்கள். ஸ்பானிஷ் கிட்டாரும் கீபோர்டும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. எனினும் சென்ற தலைமுறையினர் வாங்கிவைத்த இசைத்தட்டுகளும், ஆசிரியர்கள் கைப்பட எழுதிய ஸ்வரக்குறிப்பு நோட்டுகளும், கசெட்டுகளில் பதிந்துவைத்த வானொலி நிகழ்ச்சிகளும் தெற்குக் கல்கத்தாவின் வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன், இசைத்துறையுள்ள ஒரு பல்கலைக்கழகத்திடமோ நூலகத்திடமோ சேர்ப்பிக்க வேண்டுமென்று இவ்வவையிலுள்ள வங்கக் குடும்பங்களையும் தமிழ்க் குடும்பங்களையும் இவ்வுரை வேண்டிக்கொள்கிறது. இப்பகுதியிலுள்ள தமிழ்ச் சங்கங்களும் சபாக்களும் வரும் பருவத்தில் ஒரே ஒரு மாலையை ஒதுக்கி, சித்ரவீணைக் கலைஞர் ஒருவரையும் வங்கத்து ஹவாயியன் கிட்டார் கலைஞர் ஒருவரையும் ஒரே மேடையில் அமர்த்தி, அந்நிகழ்ச்சியைச் சுஜித் நாத்தின் பெயரால் நடத்த முன்வர வேண்டும்.