சங்கர்லாலா, கணேஷா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



வகுப்பறை நினைவுகளை எனக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த சண்டையைப் பற்றிச் சொல்கிறேன். 1981-இல் நாங்கள் சேர்ந்த வாரமே ஆரம்பித்தது. மூன்று வருஷமும் ஓயவில்லை. துப்பறிவதில் பெரிய ஆள் யார்? சங்கர்லாலா, கணேஷா?

சங்கர்லால் கட்சிக்கு ஊர்ப்பற்றுதான் பலம். அவரைப் படைத்த தமிழ்வாணன் நம்ம தேவகோட்டைக்காரர். 'கல்கண்டு' ஆசிரியர். தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மட்டும் கார்டில் வரைந்து போட்டால்கூட தபால் அவருக்குப் போய்ச் சேரும் என்பார்கள். கொலையானாலும் கடத்தலானாலும் நல்ல தமிழிலேயே நடத்தி வைத்தவர். பஸ்ஸில் மதுரை வரைக்கும்தான் போயிருந்த எங்களுக்கு ஜப்பானைக் காட்டியது அவருடைய 'டோக்கியோ ரோஜா'.

எதிர்க்கட்சி விடுமா? "உங்க ஆளு ஒரு கேஸுக்கு எத்தனை டீடா குடிப்பாரு? டீக்கடை பாக்கியைத் துப்பறியவே தனியா ஒருத்தர் வேணும்போல!"

"உங்க கணேஷ் வக்கீல்தானே? கோர்ட்டுல கேஸ் கிடைக்காமத்தான் பிணம் கிடக்குற இடமாத் தேடி அலையுறாரா?"

கணேஷ், 1968-இல் குமுதத்தில் வந்த சுஜாதாவின் 'நைலான் கயிறு' தொடரில் அறிமுகமானவர். பிறகு வசந்த் வந்து சேர்ந்தான். அந்தக் கட்சிக்காரர்கள் பேச்சே வசந்த் மாதிரி ஆகிவிட்டது. வார்டனிடம்கூட அப்படிப் பேசி மாட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவதாக ஒரு தனி ஆள். 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த இரும்புக் கை மாயாவிதான் அவனுக்குத் தெய்வம். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். "தேவகோட்டையில கரண்ட் போனா உங்காளு என்னடா பண்ணுவான்?" என்று யாரோ கேட்டார்கள். அதோடு அவன் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில், புதிதாக வந்திருந்த சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பரிதாபமாகப் பார்க்கும் நண்பர் ஒருவரும் உண்டு. அவருடைய தலையணைக்கு அடியில் முத்து காமிக்ஸ் இருந்ததா என்பது பற்றி நான் இந்த மேடையில் பேசமாட்டேன். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தச் சண்டையில் ஒரு வேடிக்கை பாருங்கள். சங்கர்லாலின் கல்கண்டும் கணேஷ் பிறந்த குமுதமும் ஒரே நிறுவனத்துப் பத்திரிகைகள். குமுதத்தைத் தொடங்கிய எஸ்.ஏ.பி. அண்ணாமலை நம்ம செட்டிநாட்டுக்காரர். ஆக, நாங்கள் தொண்டை கிழியப் போட்டது ஒரு வீட்டுப் பங்காளிச் சண்டை!

மாணவச் செல்வங்களே, 2022-இல் வந்த 'விக்ரம்' படத்தைப் பற்றிக் கேண்டீனில் நீங்கள் அடித்துக்கொள்வதைக் காலையில் கேட்டேன். 1986-இல் வந்த முதல் 'விக்ரம்' சுஜாதாவின் கதை. குமுதத்தில் தொடராகவும் வந்தது. நீங்களும் எங்கள் சண்டையைத்தான் போடுகிறீர்கள்.

எது இலக்கியம், எது குப்பை என்று நாங்கள் கத்திக்கொண்டிருந்த அதே நாட்களில், காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ஒருவர் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அரிய நூல்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம் என எதையும் அவர் தள்ளவில்லை. 1992-இல் அவர் மறைந்த பிறகு, சேர்த்தது சிதறிப் போகாமல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நம்ம ஊர்ப் பரணில் கிடந்ததன் அருமை அமெரிக்காக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது!

இப்போது செட்டிநாட்டில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுகின்றன. தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுகிறார்கள். பரணில் இருக்கும் பைண்டு செய்த கல்கண்டும் குமுதமும் எடைக்குப் போகின்றன. இன்று ஒரு மாணவன் தமிழ்வாணனைப் பற்றி ஆய்வு செய்ய வந்தால், அவர் பிறந்த ஊரில் அவனுக்கு எடுத்துக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

ஆகவே, சங்கத்துக்கு என் வேண்டுகோள். நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். அலமாரிச் செலவு என்னுடையது. அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஆளுக்கு நாலு பழைய புத்தகம் கொண்டு வாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. மாயாவிக்கும் ஒரு தட்டு உண்டு. அதைச் சொல்லாவிட்டால் அவன் மறுபடியும் இரண்டு நாள் பேசமாட்டான்.