புகையை யார் கணக்கில் எழுதுவது?

(முன்னாள் மாணவர் சங்கமத்தின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு உடனே என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் நாம் எல்லோரும் பழகிய வித்தைதானே!

செயலாளர் போனில் கேட்டது இதுதான்: "சார், நீங்க காலமெல்லாம் இரும்போட குடித்தனம் நடத்தினவர். அதைப் பத்தியே பேசுங்க. ஆனா சிவில்காரங்களுக்கும் புரியணும், வீட்டுக்காரங்களுக்கும் புரியணும்." சரி என்றேன். வடக்கே ஓர் உருக்காலையில் ஊதுலைக்கு முன்னால் நின்று வேலை செய்தவன் நான். அதனால், ஊதுலையே வேண்டாம் என்று ஒரு சுரங்கக் கம்பெனி எடுத்த முடிவைப் பற்றிப் பேசலாம் என்று தேர்ந்தெடுத்தேன்.

முதலில் அந்தக் கம்பெனியை அறிமுகப்படுத்தி விடுகிறேன். ஸ்வீடன் நாட்டின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, கிருணா என்று ஓர் ஊர். டிசம்பர் மாதத்தில் சில வாரங்கள் சூரியன் தலையே காட்டாது. அங்கே 1890-இல் தொடங்கியது எல்.கே.ஏ.பி. என்ற சுரங்க நிறுவனம். இன்று முழுக்க அரசாங்கத்துக்குச் சொந்தம். ஐரோப்பிய யூனியனில் வெட்டியெடுக்கும் இரும்புத் தாதுவில் நூற்றுக்குச் சுமார் எண்பது பங்கு இவர்களுடையது. கிருணாவில் சுரங்கம் பூமிக்கு அடியில்தான். 1,365 மீட்டர் மட்டம் என்று அவர்கள் சொல்கிற ஆழத்தில் ரயிலே ஓடுகிறது.

அங்கே கிடைப்பது மாக்னடைட். காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நம் சேலம் கஞ்சமலையில் கிடக்கிறதே, அதே இனம்தான். ஒரே வித்தியாசம், கஞ்சமலைக் கல்லில் இரும்பு பாதிக்கும் குறைவு. கிருணாத் தாது பிறவியிலேயே பணக்காரன். அதை அரைத்து, காந்தத்தால் பிரித்து, கோலிக்குண்டு மாதிரி உருட்டிச் சுட்டு 'பெல்லட்' ஆக்கினால், நூற்றுக்கு 67 பங்கு வரை இரும்பு நிற்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக இவர்கள் தொழில் இதுதான்: தோண்டு, ரயிலில் ஏற்று, வில்.

இப்போது கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீர்கள், கல்யாணக் கதையாகவே சொல்கிறேன். தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் செய்துகொண்ட கல்யாணம். துருவும் அந்தச் சம்பந்தம்தான். இந்த இரண்டையும் பிரித்தால்தான் நமக்கு இரும்பு. இரும்பைவிட ஆக்சிஜன் மேல் அதிக ஆசை கொண்ட இன்னொருவர் நடுவே வந்தாக வேண்டும். பல நூற்றாண்டுகளாக அந்த வேலையைச் செய்து வருவது கரி. ஊதுலையில் கோக் கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது. அது தாதுவில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கரியமில வாயுவாக மேலே போய்விடுகிறது. ஒரு டன் எஃகுக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு. உலகம் முழுக்க எரிசக்தியால் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு பங்கு இரும்பு எஃகுத் தொழிலிலிருந்து வருகிறது.

அதே வேலையை ஹைட்ரஜனாலும் செய்யலாம். ஹைட்ரஜன் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு போனால் கிடைப்பது தண்ணீர் ஆவி. அவ்வளவுதான்! இரும்பு உருகாமல், ஆக்சிஜன் போன இடமெல்லாம் ஓட்டையாக, பஞ்சு மாதிரி நிற்கும். அதைத்தான் ஸ்பாஞ்ச் அயர்ன் என்கிறோம். அதை மின்சார உலையில் உருக்கினால் எஃகு. ஒரு டன் இரும்புக்குக் கணக்குப்படி 54 கிலோ ஹைட்ரஜன் போதும். முதலாமாண்டு மாணவன்கூட இந்தச் சமன்பாட்டை எழுதிவிடுவான்.

அப்படியானால் ஏன் யாரும் செய்யவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பாருங்கள். எல்.கே.ஏ.பி. தன் சுரங்கங்களிலும் பெல்லட் ஆலைகளிலும் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு சுமார் 7 லட்சம் டன். மாக்னடைட்டைச் சுடும்போது அதுவே சூடு தரும். பெல்லட் சுடத் தேவையான வெப்பத்தில் பாதிக்கு மேல் தாதுவிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அதனால் இவர்கள் கை ஏற்கெனவே ஓரளவு சுத்தம். பாக்கியைக் குறைக்க 2020-இல் மால்ம்பெரியட் ஆலையில் உயிரி எண்ணெய் எரித்துச் சோதித்தார்கள். அதோடு நின்று, "எங்கள் பங்கு முடிந்தது, மீதி புகை வாங்குகிறவன் உலையில் வருவது, அதை அவன் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லியிருக்கலாம். சட்டப்படி யாரும் ஒன்றும் கேட்டிருக்க முடியாது.

ஆனால் 2020 நவம்பரில் வேறு கணக்கு எழுதினார்கள். இனிமேல் பெல்லட்டை விற்காமல், ஆக்சிஜனை இங்கேயே ஹைட்ரஜனால் நீக்கி, ஸ்பாஞ்ச் அயர்னாக விற்போம் என்றார்கள். அப்படிச் செய்தால் வாடிக்கையாளர்களின் உலைகளில் குறையும் கரியமில வாயு ஆண்டுக்கு 3.5 கோடி டன். சொந்தப் புகையைப் போல் ஐம்பது மடங்கு! கல் விற்கிறவன், வாங்குகிறவன் வீட்டு அடுப்பு வேலையைத் தன் தலையில் எடுத்துக்கொள்கிறான். அடுத்தவன் சிம்னியில் போகும் புகையைத் தன் பேரேட்டில் எழுதிக்கொள்கிறான். இது தர்மம் மட்டும் அல்ல, வியாபாரமும் கூட. ஐரோப்பாவில் புகைக்கு விலை வைத்துவிட்டார்கள். நாளைக்கு ஊதுலைகள் மூடினால் பெல்லட்டை யார் வாங்குவது? ஆனாலும் முதலில் கை தூக்குவதற்குத் துணிச்சல் வேண்டுமல்லவா?

அது வெறும் பேச்சாகவும் இல்லை. 2016-இலேயே எஸ்.எஸ்.ஏ.பி. என்ற உருக்கு நிறுவனம், வாட்டன்ஃபால் என்ற மின்சார நிறுவனம், இவர்கள் என மூவரும் சேர்ந்து 'ஹைபிரிட்' என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கியிருந்தார்கள். சுரங்கக்காரன், கொல்லன், கரண்ட்காரன் மூவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தார்கள். 2020 ஆகஸ்ட் 31-ஆம் தேதி லூலியோ நகரில் சோதனை ஆலை திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அன்றைய பிரதமர் ஸ்டெஃபான் லோஃப்வென். அவர் அரசியலுக்கு வருமுன் வெல்டராக வேலை பார்த்தவர்! 2021 ஜூனில் ஹைட்ரஜனால் எடுத்த முதல் இரும்பு. அதே ஆகஸ்டில் அதிலிருந்து செய்த எஃகு வால்வோ நிறுவனத்துக்குப் போனது. அக்டோபரில் அந்த எஃகில் ஒரு வண்டி செய்து காட்டினார்கள். 2022-இல் பூமிக்கு 30 மீட்டர் கீழே, பாறையைக் குடைந்து, எஃகு உறை போட்டு, 100 கன மீட்டர் கொள்ளளவில் ஹைட்ரஜன் சேமிப்புக் குகை. கரண்ட் மலிவாக இருக்கும்போது ஹைட்ரஜன் தயாரித்து வைத்துக்கொண்டு, விலை ஏறும்போது எடுத்துப் பயன்படுத்தலாம். நம் பாட்டிமார் அறுவடை சமயத்தில் நெல்லைக் குதிரில் கொட்டி வைத்ததும் இதே நியாயம்தான். 2024-க்குள் சோதனை ஆலையில் 5,000 டன்னுக்கும் மேல் இரும்பு எடுத்துவிட்டார்கள். ஆக, கெமிஸ்ட்ரி பாஸ்.

இனிமேல்தான் கஷ்டமான பேப்பர். எலக்ட்ரிகல் நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஹைட்ரஜன் மரத்தில் காய்ப்பதில்லை. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுக்க வேண்டும். இந்த வழியில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 3,500 யூனிட் மின்சாரம் ஆகும். எல்.கே.ஏ.பி. தன் முழுத் திட்டத்துக்கும் ஆண்டுக்கு 5,500 கோடி யூனிட் தேவை என்று முதலில் சொன்னது. பிறகு 7,000 கோடி என்றது. ஸ்வீடன் நாடு மொத்தமும் ஒரு வருஷத்தில் செலவழிப்பது ஏறக்குறைய 14,000 கோடி யூனிட். ஒரே கம்பெனி நாட்டின் கரண்டில் பாதியைக் கேட்கிறது! பணமும் லேசுப்பட்டதில்லை. 15, 20 வருஷங்களில் 40,000 கோடி குரோனர் வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். யெல்லிவாரே என்ற ஊரில் 2026-இல் ஓடத் தொடங்கும் என்று அறிவித்த பெரிய ஆலை தள்ளிப்போய்விட்டது. பக்கத்தில் பூடன் நகரில் இதே முறையில் எஃகு செய்யக் கிளம்பிய ஸ்டெக்ரா நிறுவனமும் 2025-இல் பணத்துக்குத் திண்டாடியது.

மனிதர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சுரங்கம் உள்ளே போகப் போக மேலே தரை விரிசல் விடுகிறது. அதனால் கிருணா ஊரையே பெயர்த்து வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 1912-இல் கட்டிய 672 டன் எடையுள்ள மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் முழுசாகத் தூக்கி, சக்கர வண்டிகளில் ஏற்றி, இரண்டு நாளில் 5 கிலோமீட்டர் நகர்த்தினார்கள். நம் திருவாரூர்த் தேர் ஆடி அசைந்து வருவதை நினைத்துக்கொள்ளுங்கள்! ஆனால் தேர் நிலைக்குத் திரும்பிவிடும். அந்தக் கோயில் திரும்பாது. அங்கே சாமி என்ற பழங்குடி மக்கள் கலைமான் மேய்த்து வாழ்கிறார்கள். சுரங்கம் விரிந்தாலும் தொல்லை, காற்றாலை வந்தாலும் தொல்லை. மான்கள் நடக்கும் பாதை குறுகிக்கொண்டே போகிறது. புகை இல்லாத இரும்புக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அதை மறைத்துப் பேசினால் நாம் எஞ்சினியர்கள் இல்லை, விளம்பர ஏஜெண்டுகள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பார்த்தீங்களா, நடக்காத காரியம்" என்று சிலர் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு அந்த ஊர் ரயிலையே பதிலாகச் சொல்வேன். கிருணாவிலிருந்து மலைதாண்டி நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குத் தாது ஏற்றிப் போகும் பாதை 1900-களின் தொடக்கத்தில் போடப்பட்டது. ஆரம்பத்தில் நிலக்கரி என்ஜின்தான். ஸ்வீடன் பக்கத்துப் பாதையை 1915-இலேயே மின்மயமாக்கினார்கள். அதற்காகவே காட்டுக்குள் போர்யுஸ் என்ற இடத்தில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். அன்றைக்கும் "காட்டுல அணை கட்டி, கம்பி இழுத்து, ரயில் ஓட்டுறதா?" என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்றைக்கு 68 வாகன்கள், வாகனுக்கு 100 டன் என்று ரயில் ஓடுகிறது. பாரத்தோடு துறைமுகத்துக்கு இறங்கும்போது பிரேக் பிடிப்பதிலேயே மின்சாரம் உண்டாகிக் கம்பிக்குத் திரும்புகிறது. காலி வண்டிகள் மேலே ஏற அது உதவுகிறது. சுரங்கம், அணை, கம்பி மூன்றையும் ஒன்றாக யோசித்ததால் நடந்த காரியம் அது. இப்போது வேண்டியதும் அதே யோசனைதான். அளவு மட்டும் பல மடங்கு பெரிசு.

சரி, எங்கேயோ பனிக்காட்டில் நடப்பது நமக்கு எதற்கு? காரணம் இருக்கிறது. உலகத்தில் ஸ்பாஞ்ச் அயர்னை அதிகம் தயாரிக்கும் நாடு நம் இந்தியாதான். ஆனால் நாம் அதைப் பெரும்பாலும் நிலக்கரி போட்டுச் சுழல் சூளையில் செய்கிறோம். 2017-ஆம் ஆண்டின் தேசிய எஃகுக் கொள்கை 2030-31-க்குள் 30 கோடி டன் உற்பத்தித் திறனை இலக்காக வைத்தது. அதற்காகப் புதிது புதிதாக ஊதுலைகள் எழுகின்றன. ஓர் ஊதுலைக்கு உள்ளே செங்கல் பூசி நெருப்பு மூட்டினால் 15, 20 வருஷம் அணைக்க மாட்டோம் என்பது இங்கே உள்ள மெட்டலர்ஜி நண்பர்களுக்குத் தெரியும். இன்று மூட்டுகிற நெருப்பு, நம் பேரன் பேத்திகள் இந்த ஹாலில் வந்து உட்காரும்போதும் எரிந்துகொண்டிருக்கும். மத்திய அரசு 2023 ஜனவரியில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தை அறிவித்தது. அதில் எஃகுத் துறைச் சோதனைகளுக்கு 455 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் பணத்தைவிட ஆட்கள் அதிகம் வேண்டும். ஹைட்ரஜன் வழியில் வெப்பத்தை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. தாதுவில் உள்ள மண்ணும் சிலிகாவும் ஊதுலையில் போலக் கசடாகப் பிரிந்து ஓடாமல், ஸ்பாஞ்ச் அயர்னிலேயே தங்கிவிடுகின்றன. அதனால் உயர்ந்த தரத் தாது வேண்டும். நம் ஊர்த் தாதுவுக்கு இது எப்படி ஒத்துவரும் என்பதை ஸ்வீடன்காரர் வந்து கண்டுபிடித்துத் தரமாட்டார். நம் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்டுக்கு நாம் உதவித்தொகை கொடுக்கிறோம். அதில் ஒன்றை நம் நாட்டுத் தாதுவை ஹைட்ரஜனால் குறைக்கும் ஆய்வுக்கென்று ஒதுக்க வேண்டும். ஒரு குழாய் உலை, பாதுகாப்பான கேஸ் இணைப்பு, ஒரு நல்ல தராசு. ஆரம்பிக்க அது போதும். முதல் வருஷத்துச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு, முன் வரிசையில் உட்கார்ந்து தூங்குவது போல் பாவனை செய்கிற என் ரூம்மேட்டை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். அவர் கண்ட்ராக்ட் எடுத்து நன்றாகச் சம்பாதித்தவர், மறுக்க மாட்டார்.

 காபி தயாராக இருப்பதாகச் சொல்கிறார்கள். வணக்கம்.