ஒரு நாட்டுக்குள் ஒரு கண்டம் – கேமரூன்

(நமது சங்கக் கிளைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆப்பிரிக்கா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தென்னாப்பிரிக்கா, கென்யா, நைஜீரியா. நம் பிள்ளைகள் உத்தியோகத்துக்குப் போகும் தேசங்கள் அவை. கேமரூன் என்ற பெயரைக் கால்பந்து பார்ப்பவர்கள் மட்டும் கேட்டிருப்பார்கள். 1990 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே மரடோனாவின் அர்ஜெண்டினாவைத் தோற்கடித்த அணி அது. ஆனால் கால்பந்தைவிட ருசியான விஷயங்கள் அந்த நாட்டில் நிறைய உண்டு.

மத்திய ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் உள்ள இந்நாடு, நமது ராஜஸ்தானைவிடச் சுமார் 40 சதவிகிதம் பெரியது. ஜனத்தொகை மூன்று கோடிக்குச் சற்றுக் குறைவு. 1472ல் வந்த போர்ச்சுகீசியர்கள் வூரி நதியில் இறால் மண்டிக் கிடப்பதைப் பார்த்து 'இறால் நதி' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் இறாலுக்கு 'கமராவோ'. அதுவே கேமரூன் ஆயிற்று.

இந்நாட்டை 'சிறிய வடிவில் ஆப்பிரிக்கா' என்பார்கள். தெற்கே அட்லாண்டிக் கடற்கரை, அடுத்து அடர்ந்த மழைக்காடு, மேற்கே எரிமலைத் தொடர், நடுவில் புல்வெளி, வடகோடியில் சாட் ஏரிப் பக்கம் வறண்ட பூமி. கேமரூன் மலை 4,000 மீட்டருக்கு மேற்பட்ட எரிமலை. 1999, 2000, 2012 ஆகிய ஆண்டுகளில்கூட அது சீறியிருக்கிறது. அதன் கடலோர அடிவாரத்தில் டெபுன்ஷா என்ற கிராமம். அங்கே வருஷத்துக்குச் சுமார் 10,000 மில்லிமீட்டர் மழை! நமது சிரபுஞ்சி, மவ்சின்ராம் ஆகியவற்றின் வரிசையில் வைத்துப் பேசப்படும் ஊர். அதே நாட்டின் வடகோடியிலோ, அதில் பத்தில் ஒரு பங்கு பெய்தால் அதிகம்.

உலகிலேயே பெரிய தவளையும் இங்கேதான். 'கோலியாத்' தவளையின் எடை மூன்று கிலோவைத் தாண்டும். குஞ்சுகளுக்கு ஓடைக்கரையில் குட்டை அமைக்க, கனமான கற்களையும் அது நகர்த்துகிறது என்று 2019ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு ஐரோப்பாவில் விற்கும் ஒரு மருந்து, கேமரூன் மலைப்பகுதிகளில் வளரும் 'ப்ரூனஸ் ஆஃப்ரிக்கானா' மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது. ஒரு பக்கம் மட்டும் உரித்தால் பட்டை மறுபடி வளரும். பேராசையில் சுற்றிலும் உரித்தால் மரமே பட்டுப்போகும். அப்படி ஏராளமான மரங்கள் அழிந்ததால், 1995 முதல் அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது.

கொன்ற ஏரி

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் என்னை மிகவும் பாதித்தது நியோஸ் ஏரியின் கதை. 1986 ஆகஸ்ட் 21 இரவு. நாட்டின் வடமேற்கில், எரிமலை வாயில் அமைந்த இந்த ஏரியைச் சுற்றியிருந்த கிராமங்களில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். பலர் தூக்கத்திலேயே போனார்கள். ஆடு மாடுகளும் ஆயிரக்கணக்கில் விழுந்தன. வீடுகள் இடியவில்லை, தீப்பற்றவில்லை.

காரணம், நாம் மூச்சு விடும்போது வெளியிடும் அதே கரியமில வாயு. பூமிக்கடியிலிருந்து கசிந்த வாயு, 200 மீட்டர் ஆழமுள்ள ஏரியின் அடித்தண்ணீரில் கரைந்துகொண்டே இருந்தது. குளிர் தேசங்களில் பருவம் மாறும்போது ஏரிநீர் மேலும் கீழுமாகக் கலந்துவிடும். உஷ்ணப் பிரதேசத்தில் மேல்நீர் எப்போதும் வெதுவெதுப்பாக, லேசாக இருப்பதால் அடிநீர் அசையாமல் கிடக்கும். வாயுவும் சேர்ந்துகொண்டே போகும். அன்று ஏதோ ஒன்று அடிநீரைக் கிளப்பிவிட்டது. நிலச்சரிவாக இருக்கலாம் என்பது ஒரு சாரார் அபிப்பிராயம். சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் வாயு பொங்கிற்று. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் மேலே போகாமல், பள்ளத்தாக்கு வழியே சுமார் 25 கிலோமீட்டர் வரை தவழ்ந்து சென்றது.

இதற்குச் செய்த பரிகாரம் மிக எளியது. 2001ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் அடிவரை ஒரு நீண்ட குழாயை இறக்கினார்கள். ஆரம்பத்தில் மட்டும் பம்ப் வைத்து இழுத்தால் போதும். மேலே வரவர அழுத்தம் குறைந்து வாயு பிரியும். அந்த வேகமே தண்ணீரை மேலும் இழுத்து, ஏரி நடுவில் ஊற்றாகப் பீச்சியடிக்கும். பம்ப்பை நிறுத்திவிடலாம்! 2011ல் இன்னும் இரண்டு குழாய்கள் சேர்த்தார்கள்.

எழுத்து படைத்த மன்னர்

இனி மனிதர்கள். இந்நாட்டில் 250க்கும் மேற்பட்ட மொழிகள். ஸ்வாஹிலி, ஜூலு முதலான பாண்டு மொழிகள் கிளம்பிய இடமே கேமரூன்-நைஜீரிய எல்லைப் பகுதிதான் என்பது மொழி ஆராய்ச்சியாளர்களின் முடிவு. வடக்கே மாடு மேய்க்கும் ஃபுலானிகள், தென்கிழக்குக் காட்டில் பாக்கா வேடர்கள், மேற்கு மேட்டுநிலத்தில் பமிலேகே, பமூம் மக்கள். வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. வெளிமாநிலங்களில் குடித்தனம் நடத்தும் நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

பமூம் ராஜ்யத்தின் தலைநகர் ஃபும்பான். அங்கே ஆண்ட மன்னர் இப்ராஹிம் நிஜோயா, எழுத்தே இல்லாத தம் மொழிக்கு 1896 வாக்கில் எழுத்து அமைக்கத் தொடங்கினார். முதலில் சுமார் 500 சித்திரக் குறிகள். அவற்றைப் படிப்படியாகக் குறைத்து 1910ல் சுமார் 80 அசை எழுத்துக்களாக்கினார். முதல் நான்கு எழுத்துக்களைச் சேர்த்து 'அ-க-உ-கு' என்று அதற்குப் பெயர். நம் அரிச்சுவடி மாதிரி! அதில் ராஜ்யத்தின் சரித்திரம் எழுதுவித்தார், பள்ளிகள் நடத்தினார். பிரெஞ்சு ஆட்சி அப்பள்ளிகளை மூடியது. 1931ல் அவரை யாவுண்டே நகருக்கு நாடு கடத்தியது. 1933ல் அங்கேயே காலமானார். ஆனால் எழுத்து சாகவில்லை. 2009ல் கம்ப்யூட்டர்களுக்கான யூனிகோடிலும் இடம் பெற்றுவிட்டது.

அதே ராஜ்யத்தில் 'இங்குவோன்' என்று ஒரு விழா. 2023ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மன்னரை சிம்மாசனத்திலிருந்து இறக்கி, சபை நடுவே நிற்கவைத்து, அவர் ஆட்சியின் குறைகளைப் பிரஜைகளின் பிரதிநிதிகள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். கேட்டு முடித்த பிறகே மறுபடி சிம்மாசனம். சர்க்கார் உத்தியோகத்தில் அந்தக் காலத்தில் மேலதிகாரி நம்மைப் பற்றி ரகசிய அறிக்கை எழுதுவார். இங்கே பிரஜைகள் ராஜாவுக்கு எழுதுகிறார்கள், அதுவும் ரகசியமில்லாமல்!

இரண்டு மொழிகளின் சண்டை

இத்தனை மொழிகள் உள்ள நாட்டின் மிகப் பெரிய சண்டை, அவற்றில் எதனாலும் வந்ததல்ல என்பதுதான் வேடிக்கை. முதல் உலகப் போர் வரை இது ஜெர்மன் காலனி. பிறகு பிரான்ஸும் பிரிட்டனும் பங்கு போட்டுக்கொண்டன. பிரெஞ்சுப் பகுதி 1960ல் சுதந்திரம் பெற்றது. பிரிட்டிஷ் பகுதியின் தென்பாகம் 1961ல் வாக்கெடுப்பின்படி அதனுடன் சேர்ந்து கூட்டாட்சி ஆயிற்று. 1972ல் அக்கூட்டாட்சி ஒழிந்தது. இன்றுள்ள பத்துப் பிரதேசங்களில் ஆங்கிலப் பிரதேசங்கள் இரண்டுதான்.

2016ல் அங்கே வக்கீல்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்தார்கள். ஆங்கிலச் சட்டம் தெரியாத நீதிபதிகளையும், பிரெஞ்சு பேசும் ஆசிரியர்களையும் அனுப்பாதீர்கள் என்பது கோரிக்கை. ஒரு சர்க்குலரில் தீர்த்திருக்கக்கூடிய விவகாரம் என்று, பல வருஷம் ஃபைல் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுகிறது. பதிலுக்குக் கைதுகளும், 2017ல் மூன்று மாத இன்டர்நெட் தடையும் வந்தன. பிரிவினைவாதிகள் ஆயுதம் எடுத்தார்கள், பள்ளிகளையும் மூடச் செய்தார்கள். 6,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். ஏராளமான குழந்தைகளின் படிப்பு பல வருஷம் நின்றுபோயிற்று.

நியோஸ் ஏரி இருப்பது இந்த வடமேற்குப் பிரதேசத்தில்தான். அடியில் சேரும் வாயுவுக்கு ஒரு குழாய் போதுமாயிருந்தது. மனக்குறைக்கு வடிகால் பமூம் விழாவில் பல நூற்றாண்டாகவே இருக்கிறது. யாவுண்டே அலுவலகங்களில் மட்டும் அது கிடைக்கவில்லை. மேற்பரப்பு அமைதியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்ளும் எந்த நிர்வாகத்துக்கும் இது பாடம். நாடானாலும், சங்கமானாலும், நான்கு பேர் உள்ள குடும்பமானாலும், சிறுபான்மையாக இருப்பவர் சொல்வதை முதலில் கேட்டுவிடுவது நல்லது.