தெஹ்ரானில் ஒரு தூதரகம்



வரப்புத் தகராறு பஞ்சாயத்துக்கு வந்தால், இரு தரப்பும் எங்கிருந்து பேச்சை எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். "போன மாசம் இவன் என் வேலியைப் பிடுங்கினான்" என்பார் ஒருவர். "உன் அப்பன் காலத்தில் வரப்பை வெட்டியது யார்?" என்பார் மற்றவர். ஈரான், அமெரிக்கா விவகாரமும் இப்படித்தான். அமெரிக்கா 1979லிருந்து பேசுகிறது. ஈரான் 1953லிருந்து பேசுகிறது.

நாம் இன்னும் பின்னால் போவோம். 1901ல் ஈரான் மன்னர், டார்சி என்ற பிரிட்டிஷ் பணக்காரருக்கு எண்ணெய் எடுக்கும் உரிமையை 60 வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தார். லாபத்தில் ஈரானுக்கு 16 சதவீதம்! 1908ல் எண்ணெய் கிடைத்தது. 1914ல் பிரிட்டிஷ் சர்க்காரே கம்பெனியின் பெரும் பங்கை வாங்கிக்கொண்டது. அதன் யுத்தக் கப்பல்களுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. அபாதானில் இருந்த சுத்திகரிப்பு ஆலைக்கு நம் இந்தியத் தொழிலாளிகளையும் கொண்டு போனார்கள். 1920ல் அவர்கள் அங்கே வேலைநிறுத்தம் செய்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கம்பெனியின் கணக்கைப் பாருங்கள்: 1950ல் ஈரானுக்குக் கொடுத்த பங்கைவிட லண்டன் சர்க்காருக்குக் கட்டிய வரி அதிகம்.

1951ல் ஈரான் பார்லிமெண்ட் எண்ணெயைத் தேசியமயமாக்கிற்று. முஸாதிக் பிரதம மந்திரியானார். ஈரான் எண்ணெயை யாரும் வாங்காதபடி பிரிட்டன் தடுத்தது. 1952ல் அதை ஏற்றி வந்த 'ரோஸ் மேரி' என்ற கப்பலை ஏடனுக்குக் கொண்டு போய் மடக்கினார்கள். பிரிட்டிஷ் தூதரகத்தில் சதி நடக்கிறது என்று சந்தேகித்த முஸாதிக், அந்த அக்டோபரில் உறவையே முறித்தார், தூதரகம் மூடப்பட்டது. சதிகாரர்கள் சும்மா இருந்தார்களா? வேலை அமெரிக்கர் கைக்கு மாறியது. அமெரிக்கத் தூதரகம் திறந்துதானே இருந்தது!

1953 ஆகஸ்ட் மத்தியில் முதல் முயற்சி தோற்றது. ஷா பாக்தாத் வழியாக ரோமுக்கு ஓடினார். 19ந் தேதி, காசு கொடுத்துத் திரட்டிய கூட்டமும் டாங்கிகளும் தெருவுக்கு வந்தன. முஸாதிக் சிறைக்குப் போனார்; ஷா திரும்பி வந்தார். உள்ளூர் ராணுவ அதிகாரிகளும் முல்லாக்களில் சிலரும் இதற்கு உடந்தை. அதை மறைப்பதில் நமக்கு லாபமில்லை. மறு வருஷம் எண்ணெயைப் பங்கு போட்டார்கள். பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 சதவீதம். செய்த வேலைக்குக் கைமேல் கூலி! இதில் தன் பங்கை அமெரிக்க உளவு ஸ்தாபனமே 2013ல் வெளியான தன் ஆவணங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இனி 1979. புரட்சி ஷாவை விரட்டியது. அக்டோபரில், புற்றுநோய் வைத்தியத்துக்காக அவரை நியூயார்க்கில் அனுமதித்தார்கள். நோய் உண்மைதான். ஆனாலும் இது ஆபத்து என்று தெஹ்ரானிலிருந்த அமெரிக்க அதிகாரிகளே முன்பு எச்சரித்திருந்தார்கள். ஈரானியருக்கு நியூயார்க் ஆஸ்பத்திரி ரோமைத்தான் நினைவூட்டியது. போன தடவை ஓடியவர் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தாரே! நவம்பர் 4ந் தேதி மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தின் மதிலேறிக் குதித்தார்கள். 52 பேர் 444 நாள் அடைபட்டுக் கிடந்தார்கள். தூதரக ஊழியர்களைச் சிறைப்பிடிப்பது நியாயம் என்று நாங்கள் சொல்லவில்லை. மாணவர்களின் கோபம் ஏன் அந்தக் கட்டிடத்தின் மேல் பாய்ந்தது என்பதைத்தான் சொல்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. அந்நியச் சதியைச் சொல்லியே ஈரானின் புதிய ஆட்சியாளர்கள் உள்நாட்டில் எதிர்த்தவர்களையும் ஒடுக்கினார்கள். 1983ல் அந்நாட்டுக் கம்யூனிஸ்டுகளின் தூதே கட்சி தடை செய்யப்பட்டது.

அமெரிக்காவோ 1980 ஏப்ரலில் உறவை முறித்தது. 2020 ஜனவரியில், ஈரானில் குண்டு போட இடங்களைக் குறித்து வைத்திருப்பதாக ஜனாதிபதி டிரம்ப் பகிரங்கமாக மிரட்டினார். எத்தனை இடங்கள் தெரியுமா? 52. அன்று அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று விளக்கமும் சொன்னார்.