ஏவாமலே நடக்கிற வேலை
(பண்ணை முகாமின் மூன்றாம் நாள் மாலை ஆற்றிய சொற்பொழிவு)



நாம் இந்தத் தோப்புக்கு வந்து மூன்று நாளாகிறது. கீற்றுக் கொட்டகையில் படுத்தோம், கிணற்றில் குளித்தோம், ஜாதி ஒழிய வேண்டுமென்று காலையிலும் மாலையிலும் பேசினோம். சந்தோஷம். ஆனால் ஒரு சங்கதியைக் கவனித்தீர்களா? சமைக்கப் பத்துப்பேர் முன்வந்தார்கள். பரிமாற இருபதுபேர் வந்தார்கள். கக்கூசுக் குழி வெட்டினது யார்? தினமும் மண் தள்ளி மூடுகிறது யார்? சேரியிலிருந்து வந்த இரண்டு தோழர்கள். அவர்களை யாரும் ஏவவில்லை. அதுதான் வெட்கக்கேடு. ஏவாமலே நடக்கிற வேலைக்குத்தானே ஜாதி என்று பெயர்? நானும் இரண்டு நாள் பார்த்துக்கொண்டு சும்மாயிருந்தவன்தான். ஆகவே என்னையும் சேர்த்தே பேசுகிறேன்.

1910-இல் தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் பிரதேசத்தில், கட்டாயப் பதிவுச் சட்டத்தை எதிர்த்து இந்தியர்கள் சிறை சென்றார்கள். அவர்களுடைய குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்து மாளவில்லை. அப்போது காலன்பாக் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர், ஜொகானஸ்பர்க்குக்கு 21 மைல் தூரத்திலிருந்த தமது 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையில்லாமல் விட்டுக்கொடுத்தார். பழமரங்கள் சுமார் 1,000, இரண்டு கிணறு, ஓர் ஊற்று, ஆறுபேர் தங்கும் சிறு வீடு, இவ்வளவுதான் அங்கே இருந்தவை. மற்றக் கொட்டகைகளைத் தகரத்தால் போட்டுக்கொண்டார்கள். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள்.

வந்தவர்கள் தமிழர், தெலுங்கர், குஜராத்திகள், வடநாட்டார். அவர்களில் இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் எல்லோரும் உண்டு. தனித்தனிச் சமையலுக்குப் பணம் ஏது? ஆகவே ஒரே அடுப்பு, ஒரே வரிசையில் சாப்பாடு. அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும். பொதுப் பாத்திரங்களை முறைவைத்துத் துலக்க வேண்டும். வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் மலம் அள்ளுவது வரை தங்கியிருந்தவர்களே செய்தார்கள். மலத்தைக் குழியிலிட்டு மண் மூடினார்கள், அது எருவாயிற்று. காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். காந்தியாரும் அதைக் கற்றுத் தைத்தார். யாருக்காவது கண் அவிந்ததா? எந்தச் சாமியாவது கோபித்துக்கொண்டதா?

வருணாசிரம விஷயத்தில் காந்தியார் சொன்னதை நாம் ஒப்பவில்லை. அதற்காக நடந்ததை நடக்கவில்லையென்பது பகுத்தறிவாகாது.

அதே காந்தியார் 1915-இல் அகமதாபாத்துக்கு அருகே கோச்ரப்பில் ஆசிரமம் வைத்தார். தீண்டாதார் என்று தள்ளப்பட்ட ஒரு புருஷன், பெண்சாதி, நடைபழகும் குழந்தை ஆகிய மூவரைச் சேர்த்தார். உடனே பணம் கொடுத்தவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். கிணற்றில் நீர் இறைத்தவன், வாளித் தண்ணீர் தெறித்தால் தீட்டென்று வைதான். நம் சேரன்மாதேவி குருகுலத்திலோ பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனியே சோறு போட்டு, அது 1924-25-இல் நாடெங்கும் சண்டையாயிற்று.

கடலுக்கு அந்தப்பக்கம் ஒன்றாய் உண்ட ஜனங்களுக்கும் இந்தப்பக்கம் உள்ள ஜனங்களுக்கும் இரத்தம் வேறா? இல்லை. அங்கே ஜாதிக்கொரு கிணறு இல்லை, அக்கிரகாரம் இல்லை, வெள்ளையன் சட்டமும் எல்லோரையும் ஒரே பட்டியலில் எழுதிற்று. காவலில்லாத இடத்தில் வாடிப்போகிற சரக்கை, ஆண்டவன் படைத்தது, இயற்கையானது என்று எப்படி நம்புவது?

ஆனால், காவல் இல்லாவிட்டால் மட்டும் போதாது, தோழர்களே! அவர்கள் விதி போட்டார்கள், முறை வைத்தார்கள். நாமோ "தோழர்" என்ற வார்த்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமென்று விட்டுவிட்டோம். புது முறை வைக்காத இடத்தில் பழைய முறை தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே எல்லோர் பெயரும் எழுதிய முறைப்பட்டியல் ஒன்றைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலை மண்வெட்டி என் கையில். அந்த இரண்டு தோழர்களும் நாளை அடுப்படியில் நிற்பார்கள். அவர்கள் கையால் நாம் சாப்பிடுவோம். இதில் யாருக்காவது மனம் கூசினால் இங்கேயே எழுந்து சொல்லட்டும். காரணம் கேட்போம், மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம்.

வீட்டுக்குப் போனபின்னும் பாருங்கள்: அங்கே ஏவாமலே எச்சில் எடுக்கிறவர் யார்? அந்தப் பட்டியலையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.