கழுத்தினின்று தோளுக்கு



பறவை பார்ப்பவரும் மலை ஏறுபவரும் தம் தொலைநோக்கியை உடம்பில் எவ்வாறு தாங்கிச் செல்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பைனாகுலர் என்று யாவரும் வழங்கும் அக்கருவியைப் பற்றி ஆராய்ந்து கேட்போர் பலர். அதன் வாரைப் பற்றிக் கேட்போர் அரியர். வாரில் பேச என்ன இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியவன்தான்.

தில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறேன். வாரநாட்களில் குனிந்த தலை நிமிராமல் கோப்புகளைத் தமிழாக்குவது என் தொழில். ஞாயிறன்று ஓக்லாவிலோ சுல்தான்பூரிலோ நீர்ப்பறவைகளைக் கண்டு களிப்பது என் பொழுதுபோக்கு. சில ஆண்டுகளுக்கு முன் கழுத்தில் வலி கண்டது. இடக்கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. கழுத்தெலும்பில் தேய்வு என்றார் மருத்துவர். அத்துடன், "கழுத்தில் எந்தச் சுமையையும் தொங்கவிடாதீர்கள்" என்றும் சொல்லிவிட்டார். தொலைநோக்கி அலமாரிக்குள் சென்றது. அந்தக் குளிர்காலத்தில் வாத்துகள் வந்ததையும் போனதையும் பிறர் சொல்லத்தான் கேட்டேன்.

பறவை பார்ப்போர் பெரிதும் கையாளும் 8×42 அளவுள்ள கருவி, அதாவது எட்டு மடங்கு பெருக்கிக் காட்டுவதும் முன்வில்லை 42 மில்லிமீட்டர் குறுக்களவு உடையதுமான கருவி, பெரும்பாலும் 600 முதல் 800 கிராம் வரை எடையிருக்கும். தராசில் இது சிறு சுமையே. ஆனால் அச்சுமை முழுவதும் பிடரியில் ஒரு சிறு பட்டையின்மேல் விழுகிறது; நாம் நடக்கும்போது அடிக்கு ஒருமுறை இழுக்கிறது; குனிந்தால் ஊசலாடுகிறது. நான்கு மணி நேரம் கழிந்தபின் அது எத்தனை கிராம் என்று பிடரியைக் கேட்டால், அது சொல்லும் கணக்கே வேறு.

மலையேறும் பழக்கமுள்ள அலுவலக நண்பர் ஒருவர் என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தம் வாரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆங்கிலத்தில் அதனை ஹார்னெஸ் என்பார்கள். அகராதியைப் புரட்டினால் குதிரைச் சேணம் என்று வருகிறது. எனக்கு ஒரு சேணம் வாங்க வேண்டும் என்று வீட்டில் எப்படிச் சொல்வது? ஆகவே தோள்வார் என்றே பெயரிட்டுக்கொண்டேன். இரண்டு பட்டைகள் தோள்களின்மேல் ஏறி, முதுகில் ஒன்றையொன்று குறுக்கிட்டு, அக்குள்களின் கீழாக வந்து, தொலைநோக்கியின் இரு காதுகளிலும் சேர்கின்றன. குறுக்கிடும் இடத்தில் ஒரு தோல் துண்டு. அவ்வளவே அதன் அமைப்பு. சுமை கழுத்தை விட்டுத் தோள்களுக்கும் முதுகிற்கும் போய்விடுகிறது. கருவி மார்போடு ஒட்டி நிற்கிறது. கண்ணுக்கு உயர்த்தும்போது பட்டை வளையங்களின் வழியே வழுக்கிக்கொண்டு உடன் வருகிறது.

இதற்கு அடுத்த வகை மார்புப்பை. தொலைநோக்கியை மூடியுள்ள ஒரு பைக்குள் இட்டு, அந்தப் பையையே தோள்வாரில் மாட்டிக்கொள்வது. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் மான் வேட்டையாடுவோரிடையே இது பெரிதும் வழங்குகிறது. அவர்களுக்கு இரு கைகளும் ஒழிவாக இருக்க வேண்டும். வில்லேந்துவோருக்கு நாணில் வார் சிக்கலாகாது. துப்பாக்கியின் அடிக்கட்டை பதியும் தோட்குழியில் கொக்கி இருக்கலாகாது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அக்கவலைகள் நமக்கு இல்லை. பரத்பூரில் கேவலாதேவ் கோயிலுக்கு அருகே பழைய வேட்டைகளின் கணக்கைப் பொறித்த கற்கள் நிற்கின்றன. 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் மட்டும் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. இன்று அதே நீர்நிலைக்குத் தொலைநோக்கியோடு மட்டுமே போகிறோம்.

புழுதியும் தூறலும் உள்ள இடங்களில் மார்புப்பை வில்லைகளை நன்றாகக் காக்கும். ஆயினும் நம்மவர் அதை வாங்குமுன் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் மார்பில் ஒரு தடித்த பை வியர்வைக் கிணறாகிவிடும். செங்குத்தான இறக்கத்தில் அது பாதங்களை மறைக்கும். அடுத்த அடியை வைக்கும் கல் தெரியாது. வெல்குரோ ஒட்டுப்பட்டை மூடியைப் பர்ரென்று பிரித்த கணமே பறவை பறந்துவிடும். காந்த மூடி ஓசையின்றித் திறக்கும். ஆனால் திசைகாட்டியை அதன் அருகில் வைத்தால் ஊசி பொய் சொல்லும். இதயத்திற்குப் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்போர் மருத்துவரைக் கேளாமல் அத்தகைய பையை மார்பில் அணியவே கூடாது. சமவெளியில் பறவை பார்ப்போருக்கு வெறும் தோள்வாரே போதும் என்பது என் கருத்து.

கடையில் அதனை மாட்டிக்கொண்டு, செருப்பு வாரைக் கட்டுபவர்போலக் குனிந்து பாருங்கள். கருவி மார்பை விட்டு ஊசலாடினால் பட்டையைக் குறுக்க வேண்டும். கண்ணுக்கு எட்டாவிட்டால் நீட்ட வேண்டும். மிகுதியாக இழுபடும் மீள்பட்டை கடையில் இதமாகத் தோன்றும். நடக்கும்போதோ கருவி பந்துபோல் துள்ளும். தையலையும் கொக்கியையும் பலமாக இழுத்துப் பாருங்கள். வடநாட்டுக் குளிரை மறந்துவிடலாகாது. சென்னையிலிருந்து வந்த என் மைத்துனர் சட்டைமேல் அளவு பார்த்து வாங்கிய வார், தை மாதத்தில் ஸ்வெட்டருக்கும் கோட்டுக்கும் மேலாக ஏற மறுத்துவிட்டது. காலையில் கோட்டின்மேல் மாட்டியதை, வெயில் ஏறியதும் கழற்றித்தான் கோட்டை நீக்க முடியும். ஆகவே விரைவில் கழலும் கொக்கி பெரிய உதவி. புடைவை உடுத்துவோருக்கு ஒரு செய்தி: முந்தானையின்மேல் தோள்வார் ஏறினால் முந்தானை காற்றில் பறக்காது. இது என் துணைவியாரின் கண்டுபிடிப்பு.

விலை மிகுதி என்று தோன்றினால், பைகளைப் பழுது பார்க்கும் தொழிலாளியிடம் இரண்டு நைலான் பட்டைகளையும் நான்கு துளையிட்ட ஒரு தோல் துண்டையும் கொடுத்தால் அவரே தைத்துத் தருவார். என்னுடையது இன்றும் அப்படித் தைத்ததுதான்.

மலைக்குச் செல்லும்போது முதலில் தோள்வார், அதன்மேல் முதுகுப்பை என்று அணிய வேண்டும். இந்த வரிசையை மாற்றி அணிந்தே நான் தரம்சாலாவுக்கு மேலுள்ள திரியுண்டுக்கு முதன்முறை ஏறினேன். 2,800 மீட்டர் உயரத்திற்கும் மேலான புல்வெளி அது. பாதி வழியில் முதுகுப்பையை இறக்க வேண்டி, அவசரமாகத் தோள்வாரைக் கழற்றியபோது தொலைநோக்கி பாறையில் மோதியது. கண்ணாடி உடையவில்லை, ஆனால் உள்ளிருந்த பட்டகம் ஒன்று இடம் பெயர்ந்து, ஒரு பறவை இரண்டாகத் தெரிந்தது. பழுது பார்க்க ஆன செலவில் இரண்டு நல்ல தோள்வார்கள் வாங்கியிருக்கலாம்.

கழுத்துவலி முற்றும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தேய்ந்த எலும்பைத் தோள்வார் வளர்க்காது. ஆனால் சென்ற புரட்டாசியில் பரத்பூரில், மஞ்சள்மூக்கு நாரைகள் கருவேல மரங்களில் கூடு கட்டுவதைக் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை நின்று பார்த்தேன். விரல்கள் மரக்கவில்லை. மிதிவண்டியில் திரும்பும்போதும் கருவி கைப்பிடியில் இடிக்காமல் மார்போடு அடங்கியிருந்தது.